பதினொரு வீட்டுச் சாவிகளின் படம்

அன்பு மகளுக்கு, உன் சித்தப்பா எழுதுவது. உன்னை என் மகள் என்றுதான் சொல்வேன், அண்ணன் மகள் என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, இனியும் சொல்ல மாட்டேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், உன் சித்தியின் முழங்கால் மட்டும் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறது. நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன் நான், கூட்டினால் பதினாறு, ஆனாலும் இந்தக் கடிதத்தை எப்படி ஆரம்பிப்பது என்று இரண்டு நாளாகத் தெரியவில்லை. போனில் சொல்ல வாய் வரவில்லை.

நம் பூட்டுக்கடைக்கு வெப்சைட் செய்து கொடுத்துவிட்டுப் போனாயே, உலகமே திரும்பிப் பார்த்தது என்று வைத்துக்கொள். கிளம்பும்போது நீ சொன்னாய், 'சித்தப்பா, பார்க்கிறவங்களுக்கு நம்பிக்கை வரணும், எங்கேயோ எடுத்த படத்தைப் போடாதீங்க, நீங்க செஞ்ச வேலையைப் போடுங்க' என்று. நான் சும்மா இருப்பவனா. 'எந்த வீட்டையும் இரண்டே நிமிடத்தில் திறப்போம்' என்று மேலே பெரிய எழுத்தில் போட்டேன். 'ஏங்க, இதைப் படிச்சா ஆளுங்க வருவாங்களா, போலீஸ் வருமா' என்று உன் சித்தி கேட்டாள், பொறாமை என்று நினைத்தேன். அதோடு விட்டேனா, புதுச் சாவி வெட்டிக் கொடுத்த பதினொரு வீட்டையும் படம் எடுத்தேன். வாசல் கதவு, பக்கத்தில் என் உள்ளங்கையில் சாவி, கீழே கதவு எண்ணும் தெருவும். சந்தேகப்படுகிறவன் நேரே போய் விசாரித்துக்கொள்ளட்டும், இவ்வளவு வெளிப்படையாக எந்தக் கடைக்காரன் இருப்பான் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரே வாரத்தில் நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். சரி, நானூறு.

போன செவ்வாய்க்கிழமை பல் டாக்டரம்மா கடைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. போனை என் முன்னால் நீட்டி, 'அண்ணே, இது எங்க வீட்டுச் சாவிதானே, நீங்களே பெருசாக்கிப் பாருங்க' என்றார். பெரிதாக்கினேன். ஒரு வெட்டு விடாமல் தெரிந்தது. எனக்கு வேறு யாரும் விளக்கத் தேவையில்லை, அந்தப் படத்தை மட்டும் பார்த்து அரை மணி நேரத்தில் நானே சாவி வெட்டிவிடுவேன். 'ரெண்டு பொண்ணுங்களை வெச்சுக்கிட்டு இருக்கேண்ணே' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார், சத்தம்கூடப் போடவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது அளந்திருப்பேன்.

படங்களை உடனே அழித்தேன். அதற்குள் யாரோ எடுத்து அடுக்குமாடிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் அனுப்பி, அது எங்கெங்கோ சுற்றிக்கொண்டிருக்கிறதாம், அதை எங்கே போய்ப் பிடிப்பது சொல். புதுப் பூட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு, நானே மாற்றித் தருகிறேன் என்று பதினொரு வீட்டுக்கும் போனேன். ஏழு வீட்டில் உள்ளே விட்டார்கள், ஆனால் வேலை முடியும்வரை பக்கத்திலேயே நின்று என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று வீட்டில் உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது, திறக்கவில்லை. டாக்டரம்மா வீட்டில் வேறு கடைக்காரன் பூட்டு மாட்டிக்கொண்டிருந்தான், அதுவும் கோணலாக, சொல்லவும் முடியவில்லை. இந்தத் தொழிலில் எத்தனையோ கதவு திறந்திருக்கிறேன், மூடிய கதவு முன்னால் என்ன செய்வதென்று தெரியாமல் பையோடு திரும்பியது இப்போதுதான்.

நடந்ததை வெப்சைட்டிலேயே எழுதிவிடுங்கள் என்கிறாள் உன் சித்தி. உட்கார்ந்தேன். முதலில் எதிரிகளின் சதி என்று வந்தது, அழித்தேன். அப்புறம் மின்னல் அடித்துக் கம்ப்யூட்டர் தானாகப் போட்டுவிட்டது என்று வந்தது. என் கை அப்படி, நான் என்ன செய்ய. மூன்றாவது தடவை அவள் சொல்லச் சொல்ல எழுதியது இது: 'வாடிக்கையாளர் வீட்டுச் சாவியையும் முகவரியையும் இங்கே போட்டது என் தவறு. இன்னும் மாற்றாத மூன்று வீட்டார் தயவுசெய்து உடனே பூட்டை மாற்றிவிடுங்கள், என்னிடம் வேண்டாம் என்றால் வேறு யாரிடமாவது.' இதை மட்டும் முன்பக்கத்தில் போடு, ஒரு வார்த்தைகூடச் சேர்க்காதே.

நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் பல்லாண்டு வாழ வேண்டும், அதுதான் எங்கள் ஆசீர்வாதம். வேளைக்குச் சாப்பிடு, வாசல் கதவில் மேல் தாழ்ப்பாளையும் போட்டுக்கொள். முக்கியமாக ஒன்று, அதைப் போட்டு முடித்ததும் பாஸ்வேர்டை மாற்றிவிடு. எனக்குச் சொல்லாதே, நான் எவ்வளவு கெஞ்சிக் கேட்டாலும் சொல்லாதே.

இப்படிக்கு,
உன் சித்தப்பா