மேற்கு ஜன்னலும் நாற்பத்தொன்பது டிகிரியும்

ஆடி 3, சனி

காற்று. காற்று. காற்று. மலையிலிருந்து இறங்கி நேரே என் வாய்க்குள். புது வீட்டில் நின்று பேசினால் பாதி வார்த்தை, பாதி மணல். பேசாமலும் இருக்க முடியாது. ஆகவே மணல்.

புது வீடு என்றால் அய்யனார் கோவில் ரோட்டில் நாலு சுவர். லிண்டல் (ஜன்னல் தலைக்கு மேல் ஓடும் காங்கிரீட் பட்டை) உயரத்துக்கு எழும்பிவிட்டது. வியாழன் லிண்டல் காங்கிரீட். கொ.மா. (கொத்தனார் மாமா) ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். வெள்ளிக்கிழமையிலிருந்து அவர் ஊர்த் தேர்த் திருவிழா முடியும்வரை ஆளைப் பிடிக்க முடியாது.

பிரச்சினை: மேற்கு அறை. அம்மாவின் தையல் மெஷின் அங்கேதான். மேற்கே ஜன்னல் வைத்தால் மூன்று மணி வெயில் உள்ளே. வைக்காவிட்டால் மலைக்காற்று வெளியே. அப்பாவுக்குக் குழப்பம். அம்மாவுக்கு இல்லை. ஜன்னல் வேண்டும், அவ்வளவுதான். இப்போதைக்குச் சுவரில் அதற்கு இடம் விட்டுக் கட்டியிருக்கிறது.

இப்போதைய வாடகை மாடியில் ஒரே ஜன்னல். திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். தலைக்கு மேல் காய்ந்த காங்கிரீட். சித்திரையில் உள்பாவாடை தைத்துக்கொண்டே அம்மா மயங்கி மெஷின்மேல் சாய்ந்தாள். "காத்தோட்டமா இருங்க" என்றார் டாக்டர். காற்று எங்கே ஓடுகிறது என்று சொல்லவில்லை.

அப்பாவுக்கு நூல் மில்லில் ஹியுமிடிட்டி வேலை. காற்று காய்ந்தால் நூல் அறுந்துபோகும். அதனால் சூடு எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று மணிக்கொரு தடவை எழுதுவார். அளக்காமல் எதையும் நம்ப மாட்டார். பழைய தெர்மாமீட்டர் ஒன்றை என்னிடம் கொடுத்தார்.

"ஏட்டி, நாளைக்கு மூணு மணிக்கு மேக்க ரூம்ல மாட்டு. நான் ஷிப்ட் முடிஞ்சு வந்து பாக்கேன். வெளாட்டு கூடாது."

அம்மா: "நூலுக்கு எம்புட்டு அக்கறை! தைக்கிறவளுக்கு இம்புட்டாவது பாருங்க."

ஆடி 4, ஞாயிறு

செய்தவை:
1. தெர்மாமீட்டரை ஆணியில் மாட்டினேன். 37.
2. கிழக்கு அறையில் 36. ஒரு டிகிரிக்கா இவ்வளவு பஞ்சாயத்து?
3. சும்மா இருக்க முடியவில்லை.

கொ.மா.வின் டீ ஆவி பறக்க இருந்தது. அப்பாவின் பைக் சத்தம் கேட்டதும் தெர்மாமீட்டரை அதில் முக்கி, பாவாடையில் துடைத்து, திரும்ப மாட்டினேன். அப்பா வந்து பார்த்தபோது 49.

திட்டம்: அப்பா கண் விரிப்பார், நான் சிரிப்பேன், ஒரு குட்டு, முடிந்தது.

அப்பா கண் விரிக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதினார். தேதி, நேரம் போட்டு. பிறகு கொ.மா.வைப் பார்த்து, "மேக்க ஜன்னல அடச்சிருங்க" என்றார்.

"அண்ணாச்சி, அக்கா கேட்டாகளே..."

"நாப்பத்தொம்பது! மறுபடியும் மயங்கி விழவா?"

என் வாயில் சிரிப்பு இருந்தது. விழுங்கினேன். அப்போதே சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? தெரியவில்லை. பாவாடையில் இஞ்சி டீ வாசனை வேறு.

ஆடி 6, செவ்வாய்

ஸ்கூல் விட்டு நேரே புது வீட்டுக்கு. ஜன்னல் இருந்த இடத்தில் செங்கல். சாந்துகூட இன்னும் காயவில்லை.

அம்மாவும் வந்திருந்தாள். அந்த அறைக்குள் நின்றாள். புடவைத் தலைப்பு அசையவே இல்லை. வாசலில் நின்ற என் சடை பறக்கிறது, உள்ளே அம்மா காற்றுப் புகாமல் மடித்த விபூதிப் பொட்டலம் மாதிரி.

"பரவால்ல" என்றாள். பரவாயில்லாதபோது மட்டும் சொல்லும் சொல் அது. "அவிய அளந்துட்டாகளாம்ல. அளந்த பொறவு நான் என்ன பேச?"

அம்மா போனதும் நானே அளந்தேன். ஆறு மணி. அடைத்த அறை 33. வெளியே காற்றில் 33. இரண்டும் ஒன்றா?! உள்ளே கழுத்தெல்லாம் கசகச. வெளியே சொகுசு. கருவியைத் தட்டினேன், உதறினேன், தலைகீழாகப் பிடித்தேன். 33தான். தெர்மாமீட்டருக்கு வேர்க்காது போல. அப்படியென்றால் அப்பா இத்தனை வருஷமாய் எழுதுவது என்ன? ஒன்றும் விளங்கவில்லை. விளங்கிய ஒன்றே ஒன்று: சொல்லியாக வேண்டும்.

ஆடி 7, புதன்

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அடிப்பார் என்று தட்டைத் தள்ளி வைத்தேன். அடிக்கவில்லை. அதுதான் தாங்கவில்லை.

"மில்லுல தப்பா எழுதுனா நூலு அறுந்து காட்டிக் குடுத்துரும். உங்கம்மா வாயத் தெறக்காம அதுக்குள்ள உக்காந்து தச்சிருப்பா."

கையைக் கழுவிவிட்டு கொ.மா.வுக்குப் போன். அவர் கத்தியது எனக்கே கேட்டது: "கம்பி கட்டியாச்சு அண்ணாச்சி! நாளைக்குக் காங்கிரீட்டு! இதெல்லாம் தேருக்குப் பொறவு..."

அம்மா போனைப் பிடுங்கினாள். "தம்பி, காலைல நான் வாரேன். நான் வந்த பொறவு கலவை போடு."

ஆடி 8, வியாழன்

தண்டனை: அடைத்த செங்கலைப் பிரிப்பது, ஒட்டியதைச் சுரண்டுவது நான். ஸ்கூலுக்கு வயிற்றுவலி. உள்ளங்கையில் நாலு கொப்புளம்.

அம்மா தையல் ஸ்டூலும் டேப்பும் கொண்டுவந்தாள். ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். பழைய ஜன்னலின் அடிவிளிம்பு அவள் மூக்குக்கு நேரே.

"இதுக்கு ஜன்னல் இருந்தும் பிரயோசனமில்ல தம்பி. காத்து தலைக்கு மேலல்ல போகுது? நான் நாளெல்லாம் உக்காந்துல்ல இருப்பேன். இன்னும் ஒரு முழம் கீழ எறக்கு."

"கீழ எறக்குனா ரோட்டுல போறவன் மெஷினத்தான் பாப்பான்க்கா."

"பாக்கட்டும். பாவாடை தைக்க ஆர்டர் குடுப்பான்."

கொ.மா. என்னை முறைத்தார். நான் சுத்தியலைப் பார்த்தேன். இன்னும் நாலு வரிசை செங்கல். அப்பா மில்லிலிருந்து போனில், "வெயிலுக்கு?" அம்மா: "சன்ஷேடை நீட்டச் சொல்லுதேன். மூணு மணிக்குச் சாக்கைத் தொங்க விடுதேன்." இரண்டு மணிக்குள் லிண்டல் போட்டாயிற்று.

மூன்றரைக்கு அப்பா. அம்மா ஸ்டூலில் இருந்தாள், முகத்தில் நேர் வெயில், கண் கூசுகிறது, ஆனால் எழுந்திருக்கவில்லை. அப்பாவின் மனசு பழைய பக்கமே சாய்கிற மாதிரி தெரிந்தது: "அப்ப அடச்சது சரிதானோ?" எனக்கும் அதே சந்தேகம். அம்மா தலைப்பை நெற்றிக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள்.

ஐந்தரைக்கு வெயில் மலைக்குப் பின்னால் போனது. காற்று வந்தது. "செத்த நேரம் இங்கன உக்காருங்க" என்று அம்மா எழுந்தாள். அப்பா தெர்மாமீட்டர் கேட்டார். வாடகை வீட்டில் வைத்துவிட்டேன் (நிஜமாகவே). வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார். மில் சட்டை உப்பியது. ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"அண்ணாச்சி, முட்டுக் குடுத்த பலகையில சாயாதீங்க, மேல காயாத காங்கிரீட்டு!" கொ.மா. ஓடி வந்தார்.

அப்பா தூங்கிவிட்டிருந்தார். உட்கார்ந்தபடியே, வாயைப் பிளந்துகொண்டு.

"விடு தம்பி" என்றாள் அம்மா.