எஸ்தருக்குப் பதிலாக நான்

ஞாயிறு, 14 ஆகஸ்ட் 1988
மத்திகிரி

இன்று ஆராதனை முடிந்ததும் சபைக் காரியங்களைப் பார்க்க ஒரு மூப்பரைத் தேர்ந்தெடுத்தார்கள். பேரிகையிலிருந்து வரும் ராஜம்மா முதலில் எழுந்து என் மனைவி எஸ்தரின் பெயரைச் சொன்னார். போதகர் பைபிளைத் திறந்தார். பெண்ணுக்குச் சபையில் அதிகாரம் இல்லை என்று பவுல் எழுதியதை வாசித்துவிட்டு என்னைப் பார்த்து, "அப்ப நீங்களே இருந்துடுங்க" என்றார். எல்லோரும் கை தூக்கினார்கள். எஸ்தரும் தூக்கினாள்.

எங்கள் வாடகை வீட்டு முன்னறையில் நாலு பேரை உட்காரவைத்து இந்தச் சபையைத் தொடங்கியவள் அவள். நான் அப்போது ஞாயிறு ஷிஃப்ட் கேட்டு வாங்கிக்கொண்டு கம்பெனிக்கு ஓடிவிடுவேன்.

வெளியே வந்ததும் ராஜம்மா என்னிடம், "போதகர் வர்றதுக்கு முன்னாடி யாரு பிரசங்கம் பண்ணது? அப்ப மட்டும் பவுலு ஒண்ணும் சொல்லலியா?" என்றார். வேதத்தில் இருப்பதைத் தள்ள முடியவில்லை. ராஜம்மாவையும் தள்ள முடியவில்லை.

சாப்பிடும்போது எஸ்தரிடம், "வேணாம்னு சொல்லிடட்டுமா?" என்றேன்.

"சொன்னா அந்த எடம் எனக்கா வரும்?"

"பின்ன நீ எதுக்குக் கை தூக்குன?"

அவள் ரசம் ஊற்றினாள்.

அடுத்த ஞாயிறு ஆராதனையில் ஆரம்ப ஜெபம் என்னுடையது. எனக்கு நாலு பேர் முன்னால் பேச்சு வராது. என்ன சொல்வது என்று படுக்கும்போது அவளிடமே கேட்டேன்.

"மனசுல இருக்கறதச் சொல்லுங்க."

"மனசுல ஒரே கொழப்பமாத்தான் இருக்குது."

"அதையே எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கோபத்தில் சொன்னாளா, நிஜமாகவே சொன்னாளா, தெரியவில்லை. எழுப்பிக் கேட்கவும் பயமாக இருக்கிறது.