தறிச் சத்தத்துக்கு நடுவே ஒரு சொல்

செவ்வாய்க்கிழமை

இன்ஜினியர் அக்கா விளக்கி முடிக்கும் முன்பே, திரையில் இருந்த காப்புரிமை அதிகாரி பேனாவை மூடிவிட்டார். தறிக்கூடத்தில் பேச்சை மட்டும் பிரித்துக் கேட்கும் எங்கள் ஹெட்செட்டுக்கு இன்றுதான் கடைசி விசாரணை.

"இரைச்சலை நீக்குற கருவி ஏற்கெனவே இருக்கு. இதுல என்னம்மா புதுசு?" என்றார்.

நான் குனிந்து அக்கா காதில் முணுமுணுத்தேன். "அதை நீயே சொல்லு கண்ணு" என்று மைக்கை என் பக்கம் தள்ளிவிட்டார்.

"ஒன்பதாவதோட நின்னு ரெண்டு வருசம் தறி ஓட்டினேனுங்க சார். தறி ஓடறப்ப நாங்க கத்தமாட்டமுங்க. தறியோட ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவுல ஒவ்வொரு சொல்லாப் பேசுவமுங்க. அந்த இடைவெளி எப்ப வரும்னு இந்த ஹெட்செட் முன்னாடியே கணிச்சு, அப்ப மட்டும் கேக்குமுங்க."

இவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை.

"முதல்ல கொடுத்த விண்ணப்பத்துல இது இருக்கா? இப்பப் புதுசாச் சேர்க்க முடியாது" என்றார் அதிகாரி.

அக்கா பரபரவென்று புரட்டினார். பதினோராம் பக்கத்தில் இதைப் பற்றி ஒரே ஒரு வரி இருந்தது!

"இதையல்லவா முதல்ல சொல்லியிருக்கணும்! நீங்க உரிமை கேக்குற அம்சங்கள்ல இதையே முதல் கோரிக்கையா மாத்தி எழுதி அனுப்புங்க" என்று அதிகாரி சிரித்தார்.

 அக்கா உடனே எழுத உட்கார்ந்தார். நான் தறி ஓடும் பதிவைப் போட்டு, எந்தெந்த இடைவெளியில் பேசுவோம் என்று மேசையில் தட்டிக் காட்டினேன்.