தந்தி வேண்டாம், கார்டு போதும்

புத்தூர், திருச்சி
12-7-1957

அன்புள்ள அப்பாவுக்கு, உங்க மகள் பொன்னுத்தாய் வணங்கி எழுதுவது. நான் சுகமா இருக்கேன். உங்க மூட்டுவலியும் அம்மா உடம்பும் எப்படி இருக்குன்னு எழுதுங்க.

நேற்று உங்க தந்தி வந்தது. பிரிக்கும் முன்னாலேயே நர்ஸ் விடுதியில் எல்லாரும் என்னைக் கட்டிக்கிட்டு அழுதுட்டாங்க. சமையல்கார ரெங்கம்மாள் நான் தலைமுழுகத் தண்ணீர்கூட எடுத்து வச்சுட்டாங்க. பிரிச்சுப் பார்த்தா, 'ஃப்ளூ பரவுகிறது, உடனே புறப்படு.' இதுக்கா தந்தி?

பேப்பரைப் படிச்சுட்டுப் பயப்படாதீங்க. ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஒருத்தர் தும்மினா பக்கத்து சீட் காலியாகுது; ஊர் பயம் அவ்வளவுதான். எங்க வார்டில் படுத்த நாற்பது பேரில் முப்பத்தேழு பேர் நடந்தே வீட்டுக்குப் போயிட்டாங்க. மிச்ச மூணு பேரை விட்டுட்டு நான் வரமாட்டேன். நர்ஸே ஓடிட்டா, படுத்திருக்கிறவங்க யாரை நம்புவாங்க?

போர்த்திக்க அம்மாவோட பழைய சேலை ஒண்ணு அனுப்புங்க. போன வாரம் எனக்கும் மூணு நாள் காய்ச்சல். அப்போ அதைத்தான் தேடினேன். இப்போ சரியாயிடுச்சு.

டியூட்டிக்கு நேரமாச்சு. இனிமே தந்தி அடிக்காதீங்க, அப்பா. பிரிக்கிற வரைக்கும் அம்மா போயிட்டாங்கன்னே நினைச்சேன்.

பொன்னுத்தாய்