லண்டனிலிருந்து வந்த படச்சுருள்

தங்கைக்கு,

தொலைந்துபோன பிரிட்டிஷ் பாப் இசை நிகழ்ச்சிகளைத் தேடும் ஒருவர், 1966ஆம் ஆண்டுப் படச்சுருள் ஒன்றைக் கண்டெடுத்திருக்கிறார். பார்வையாளர் பட்டியலில் என் கணவரின் பெயரைப் பார்த்து எனக்கு அனுப்பினார். அவரோடு ஆடும் பெண் யாரென்று கேட்கிறார்.

படத்தைப் பார்த்த மகள் சிரித்தாள். "அம்மா, சின்னம்மாதான் லா! கழுத்துல என்ன, தாலியா?"

"சங்கிலி," என்றேன். பிள்ளைகளிடம் நான் பொய் சொல்வதில்லை என்பது உனக்குத் தெரியும்; அன்று சொன்னேன்.

அந்த வருடம் நீ லண்டனில் தாதிப் படிப்பில் இருந்தாய். எனக்குத் திருமணம் 1969இல். அன்று காய்ச்சல் என்று நீ அறையைவிட்டு வரவில்லை.

வெள்ளிக்கிழமைக்குள் படச்சுருளை அனுப்பியவருக்குப் பெயர் வேண்டும். அதற்குமுன் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து புறப்பட்டு வா. தாலியையும் கொண்டு வா. ஆறு வருடமாக நான் பொட்டு வைப்பதில்லை; நம்மில் யார் அவருடைய விதவை என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்.

கதவைத் திறந்து வைத்திருக்கும்
உன் அக்கா