அழுவதற்கு ஐந்து நிமிடம்

அன்புள்ள மகனுக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுவது. நம் வீட்டில் மூன்று கண்கள் நலம், நாலாவது கட்டுக்குள்ளே நலம். அங்கே உன் உடம்பும் மனசும் நன்றாக இருக்கட்டும். கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, டாக்டர் இன்னும் ஆறு நாள் எழுதக் கூடாது என்றார், வாய்க்கு மட்டும் கட்டுப் போடவில்லை. அண்ணா, இந்தக் கடைசி வார்த்தை அம்மா சொன்னதில்லை, இனி நான்தான் எழுதுகிறேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "மைக் விஷயத்தை முதல்ல எழுதுடி" என்று அவசரப்படுத்துகிறாள்.

நான் முதலில் பார்த்தது மைக்கின் அடியில் அணையாமல் எரிந்த சிவப்பு விளக்கைத்தான். பேருந்து நிலையத்தில் வண்டி வரும் நேரத்தை நோட்டில் எழுதுவதுதானே என் வேலை. அறிவிப்பு சொல்லும் அக்கா நேற்றோடு பிரசவ விடுப்பில் போய்விட்டாள். காலையில் டைம் கீப்பர் ஐயா, "நீ உட்காரும்மா மைக்ல" என்றார். யாரைச் சொல்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன், பின்னால் சுவர்தான் இருந்தது. மூன்று அறிவிப்பை எப்படியோ ஒப்பேற்றினேன். நாலாவது, துறைமுகம் போகும் வண்டி. அது ஐந்தாம் நடைமேடையில் நிற்க, நான் நாலு என்று சொல்லிவிட்டேன். மைக்கை அணைத்துவிட்டதாக நினைத்து, "ஐயோ, அஞ்சுக்கு நாலுன்னு சொல்லித் தொலைச்சேனே, நாக்கே ஒட்டிக்கிச்சு, இதுக்கு வீட்ல பாத்திரமே தேய்ச்சிருக்கலாம்" என்று புலம்பினேன். அப்போதுதான் அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்தேன், மைக் அணையவே இல்லை. நிலையம் முழுக்கச் சிரித்தது. ஒரு டிரைவர் ஹாரன் அடித்து, "எங்க வீட்லயும் பாத்திரம் கிடக்கு பாப்பா" என்று கத்தினார்.

ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசித்தபோது கேட்ட அதே சிரிப்பு. அன்றைக்குப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தவள் திரும்பிப் போகவே இல்லை, நீதான் ஒரு வாரம் கெஞ்சினாய். இன்றைக்கும் ஓடினேன், பழைய பலகைகள் போட்டிருக்கும் அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். டைம் கீப்பர் ஐயா வந்து கதவைத் தட்டி, "அடுத்த வண்டி ஏழு நிமிஷத்துல. அழறதுன்னா அஞ்சு நிமிஷத்துல முடிச்சிடு, ரெண்டு நிமிஷம் மூஞ்சி கழுவ" என்றார். நான் மூன்று நிமிடத்திலேயே முடித்துவிட்டேன். நேரம் குறித்துக்கொண்டு அழுதால் அழுகை அவ்வளவாக வருவதில்லை அண்ணா. முகம் கழுவிவிட்டு வெளியே வந்தால், சிரித்தவர்கள் எல்லாரும் பஸ் ஏறிப் போய்விட்டிருந்தார்கள். நடைமேடை முழுக்கப் புது ஆட்கள், அவர்களுக்கு என்னைப் பற்றி ஒன்றும் தெரியாது. மகளை வழியனுப்ப வந்த ஒரு அம்மாள் மட்டும் மைக் அறை ஜன்னலுக்கு வந்து, "நீ நாலுன்னு சொன்னது கிணத்துக்குள்ள இருந்து வந்த மாதிரி இருந்துச்சு, அஞ்சுன்னு புலம்பினதுதான் கணீர்னு கேட்டுது, அதை வெச்சுதான் எம்பொண்ணு வண்டியைப் பிடிச்சா" என்றார். அதன்பிறகு அறிவிப்பு என்று நினைக்காமல், புலம்புவது போலவே சொன்னேன். இருபத்திரண்டு வண்டி சொன்னேன். ஒருமுறை ஏழாம் நடைமேடையை எட்டு என்றேன், உடனே "மன்னிக்கவும், ஏழு" என்று திருத்தினேன். யாரும் சிரிக்கவில்லை, ஏழுக்குப் போனார்கள்.

இதைக் கேட்டதிலிருந்து அம்மாவுக்குக் கால் தரையில் இல்லை, பக்கத்து வீட்டுக்கு இரண்டு முறை போய்ச் சொல்லியாயிற்று. ஆனால் மூன்று மாதத்துக்கு ஆள் வேண்டும், வருகிறாயா என்று ஆறு மணிக்குள் சொல், இல்லையென்றால் வேறு ஆளைக் கூப்பிட வேண்டும் என்று ஐயா சொல்லியிருக்கிறார். நாளைக்கும் அதே நாற்காலி என்று நினைத்தால் வருவது பயமா சந்தோஷமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இப்போது மணி ஐந்தே கால்.

போன கடிதத்தில் மேலாளர் எல்லார் முன்னாலும் திட்டியதாகவும் அதிலிருந்து தனியாகவே சாப்பிடுவதாகவும் எழுதியிருந்தாய். அதற்கு அம்மா சொல்வதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதுகிறேன்: "அவன்கூட வேலை பார்க்கிறவங்க பஸ் ஏறிப் போக மாட்டாங்க, தினமும் அதே மூஞ்சிதான், அது எனக்குத் தெரியும். அதனால அவனுக்கு இன்னும் அஞ்சு நிமிஷம் சேர்த்துக் குடு, அழட்டும். ஆனா சாப்பாட்டு மணி அடிச்சா எல்லாரோடயும் போய் உட்காரணும்."

நோய் நொடி அண்டாமல், நினைத்தது கைகூடி நூறு வயது இருக்க வேண்டும் என்று அம்மா வாழ்த்துகிறாள். குளிருக்குக் காதை மூடிக்கொள். கட்டு அவிழ்த்த பிறகு பார்க்க உன் புகைப்படம் ஒன்று வேண்டுமாம், சிரிக்கிற படமாக அனுப்பு.

இப்படிக்கு,
ஆசிகளுடன் அம்மா (கையெழுத்து கோணல்தான், பார்க்காமல் போட்டது),
எழுதிய தங்கை.

பின்குறிப்பு: ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது தெருமுனைக் கடைக்குப் போய் ஐயாவுக்குப் போன் செய்தேன். நாளை முதல் வண்டி எந்த நடைமேடை என்று கேட்டு, உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.