கட்டிலுக்கடியில் வேப்பம்பூ

ரசத்துக்கு எடுக்கலாம் என்று இன்று காலை டப்பாவைத் திறந்தேன். அடியில் போன வருஷத்து வேப்பம்பூ ஒரு பிடி கிடந்தது. வாசனை மூக்கில் ஏறியதும் அடுக்கடுக்காக மூன்று தும்மல். ‘நூறு’ என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை.

போன பங்குனியில் தும்மியது நீங்கள். செங்கல்பட்டிலிருந்து சிறுசேரிக்குக் கம்பெனி ஆட்களை ஏற்றிப்போகும் வேனை ஓட்ட முடியாமல், மூச்சு இரைக்க வீட்டோடு படுத்தீர்கள். மலைப்பக்கம் செடிகொடியெல்லாம் பூத்திருக்கிறது, அந்தப் பூந்தூள்தான் உங்களுக்கு ஆகவில்லை என்றார் டாக்டர். சீசன் முடிகிறவரை ஜன்னலைச் சாத்தியே வைக்கச் சொன்னார். நான்தான் ஒன்றைப் பிடித்தால் ஒற்றைக்காலில் நிற்பவளாயிற்றே. சாத்தியதோடு விடாமல், ஜன்னல் இடுக்கெல்லாம் பிரவுன் டேப் ஒட்டினேன். கதவடியில் பழைய புடவையைச் சுருட்டி வைத்தேன்.

“வண்டியிலயும் ஏசின்னு கண்ணாடிய ஏத்தி வுட்டாங்க. வூட்லயும் ஏத்திட்டியா? மீன் தொட்டியா இது?” என்றீர்கள்.

“மீனு பேசாது. நீங்களும் பேசாம படுங்க.”

ஒருநாள் மட்டும் வாய்விட்டுக் கேட்டீர்கள். “மாமல்லபுரம் வரிக்கும் போயிட்டு வரலாம் வா. கடக்காத்துல எனக்குத் தும்மலே வராது.” உண்மைதான். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே மணலில் உட்கார்ந்தால் உங்கள் மூக்கு சத்தம் போடாது. ஆனால் போகிற வழியெல்லாம் மரமும் புதருமாயிற்றே என்று பயந்தேன். சித்திரை முடியட்டும் என்றேன். நீங்கள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள்.

அந்த வாரம்தான் தெருமுனை மரத்தடியில் வேப்பம்பூ பொறுக்கி வந்தேன். மொட்டைமாடியில் காயவைத்தால் காற்று பறக்கடித்துவிடும். காற்றே புகாத அறைதான் நம் வீட்டில் இருக்கிறதே என்று முறத்தோடு உங்கள் கட்டிலுக்கடியில் தள்ளினேன். வேப்பம்பூவும் பூதான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அது மருந்து, வயிற்றுக்கு நல்லது, ரசத்தில் போடுவது. மலையில் பூப்பதுதான் எனக்குப் பூ.

உங்களுக்கு இரைப்பு கூடியது. நான் இன்னொரு சுற்று டேப் ஒட்டினேன்.

பத்து நாள் கழித்து முறத்தை இழுக்கக் குனிந்தபோது எனக்கே தும்மல் வந்தது. நிமிர்ந்து பார்த்தால் நீங்கள் சிரித்துக்கொண்டிருந்தீர்கள்.

“உங்களுக்குத் தெரியுமா?”

“நீ கொண்ணாந்து வச்ச அன்னிக்கே தெரியும்.”

“அப்ப ஏன் சொல்லல? இன்னா மனுசன் நீங்க?”

“இருந்துட்டுப் போவட்டும்னு வுட்டேன். வெளியேந்து இந்த ரூமுக்குள்ள வந்தது அது ஒண்ணுதான்.”

எனக்குக் கோபம்தான் வந்தது. அறிவிருக்கிறதா என்று திட்டினேன். முறத்தைச் சமையலறைக்குக் கொண்டுபோய், பூவை டப்பாவில் கொட்டி மூடினேன். அறையை ஈரத்துணியால் இரண்டு தடவை துடைத்தேன். இரைப்பு குறைந்தது. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

சித்திரை முடிய நான்கு நாள் இருந்தது. கடலுக்குப் போக உங்கள் வெள்ளைச் சட்டையைக்கூடத் தேய்த்து வைத்திருந்தேன். விடிகாலையில் நெஞ்சு வலிக்கிறது என்றீர்கள். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டுவதற்குள் போய்விட்டீர்கள். இருதயம், இதற்கும் தும்மலுக்கும் சம்பந்தமில்லை என்றார் டாக்டர். என் மனதுக்காகச் சொன்னாரோ, நிஜமாகவே சொன்னாரோ தெரியாது. சம்பந்தம் இல்லை என்றால் எனக்கு இன்னும் வலிக்கிறது. கடைசி இரண்டு மாதம் உங்களை அடைத்து வைத்தது எதற்கென்று இல்லாமல் போகிறது.

இப்போது மறுபடியும் பங்குனி. அந்த டேப்பை நான் இன்னும் உரிக்கவில்லை. நகத்தால் ஒரு ஓரத்தைக் கிளப்புவேன், பிறகு அழுத்தி ஒட்டிவிடுவேன். உங்கள் கட்டிலில் நான்தான் படுக்கிறேன். மத்தியானத்தில் புழுக்கம் தாங்காது, ஆனாலும் எழுந்து போக மனம் வராது. இன்று அந்த ஒரு பிடிப் பூவை முறத்தில் கொட்டி, கட்டிலுக்கடியில் தள்ளினேன். தும்மிக்கொண்டே இதை எழுதுகிறேன்.

மூச்சு முட்ட முட்ட நீங்கள் வைத்துக்கொண்டிருந்த அந்த ஒன்றையும் உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டு போனவள் நான்.